இடிபட்ட காரின் மதிப்பிழப்பு: வருகிற செக்கை வாங்குவதா, மதிப்பீட்டாளரை வைப்பதா, கோர்ட்டுக்குப் போவதா?

சிக்னலில் நின்றுகொண்டிருந்த என் காரைப் பின்னால் வந்தவர் இடித்தார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஆல்ஃபரெட்டாவில், ஜிஏ 400 நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் இடத்தில், காலை எட்டரை மணிக்கு. போனைப் பார்த்துக்கொண்டு வந்ததை அவரே போலீஸிடம் ஒத்துக்கொண்டார், டிக்கெட்டும் அவருக்கே போனது, யாருக்கும் அடியில்லை. என் கார் 2021 டொயோட்டா ஹைலேண்டர், 41,000 மைல் ஓடியது, முந்தைய நாள் விற்றிருந்தால் 34,000 டாலருக்குப் போயிருக்கும். பின் பம்பர், டெயில்கேட், அதற்குக் கீழே இருக்கும் பாடி பேனல் எல்லாம் மாற்றி 9,400 டாலர் பில் ஆனது. இடித்தவரின் இன்சூரன்ஸ் முழுசாகக் கட்டிவிட்டது. கார் புதுசு மாதிரி திரும்பி வந்ததால் விஷயம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, சும்மா விலை கேட்போமே என்று ஒரு டீலரிடம் போனபோதுதான் உறைத்தது. அவர் காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. காரின் அடையாள எண்ணான வின் நம்பரைத் தட்டினார், காரின் பழைய கதையைச் சொல்லும் கார்ஃபாக்ஸ் அறிக்கையில் 'விபத்து' என்று வந்த வரியைப் பார்த்தார், "இது இல்லேன்னா நாலாயிரம் கூடக் குடுத்திருப்பேன்" என்றார். ரிப்பேரில் ஒரு குறையும் இல்லை, பெயின்ட் நிறம் அப்படியே ஒத்திருக்கிறது, ஆனாலும் நாலாயிரம் போச்சு. இந்த நஷ்டத்துக்குத்தான் அமெரிக்காவில் டிமினிஷ்டு வேல்யூ என்று பெயர், சுருக்கமாக டி.வி. கிளெய்ம். ("டி.வி. கிளெய்ம் போட்டிருக்கேன்" என்று வீட்டில் சொன்னதற்கு, "எத்தனை இன்ச்?" என்று கேட்டாள் மனைவி.) நான் மதிப்பிழப்பு என்றே சொல்கிறேன்.

ஊரில் கார் இன்சூரன்ஸ் கட்டிப் பழகியவர்களுக்கு இப்படி ஒன்றைக் கேட்கலாம் என்றே தோன்றாது. அங்கே பாலிசியிலேயே தேய்மானமும் பின்விளைவு நஷ்டமும் எங்கள் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கும். இங்கே அப்படியில்லை, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். நான் எழுதுவது ஜார்ஜியா கதை. இந்த விஷயத்தில் கார் வைத்திருப்பவர் பக்கம் நன்றாகவே சாய்ந்த மாநிலம் இது.

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு கேள்வி இருக்கிறது: யாருடைய இன்சூரன்ஸிடம் கேட்பது? தப்பு மற்றவருடையது என்றால் அவருடைய கம்பெனியிடம், யோசிக்கவே வேண்டாம். ஜார்ஜியாவில் சட்டப்படி ஒருவர் எடுத்தே ஆக வேண்டிய சொத்து நஷ்டக் காப்பு 25,000 டாலர்தான், உங்கள் ரிப்பேர், வாடகைக் கார், மதிப்பிழப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும், இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தப்பு உங்களுடையது என்றாலும் இந்த மாநிலத்தில் கதவு மூடவில்லை. 2001-ல் ஸ்டேட் ஃபார்ம் எதிர் மேப்ரி என்ற வழக்கில் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம், சொந்த பாலிசியில் கிளெய்ம் போடுகிறவருக்கும் மதிப்பிழப்பைக் கணக்குப் பார்த்துத் தர வேண்டும், அவர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் அதை மதிப்பிடுவது கம்பெனியின் கடமை என்று சொல்லிவிட்டது. நேர் எதிர் டெக்சாஸ். அங்கே 2003-ல் ஷேஃபர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், காரைச் சரியாக ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டால் சொந்த பாலிசியில் மதிப்பிழப்பு கிடையாது என்று தீர்ப்பளித்தது. இடித்தவரிடம் மட்டும் கேட்கலாம். மிச்சிகனில் இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம், இடித்தவரிடமிருந்து வசூலிக்க முடிந்ததே மினி டார்ட் என்கிற 3,000 டாலர் வரம்புக்குள்தான்.

சரி, கம்பெனியிடம் கேட்டாயிற்று. என்ன நடக்கும்? நான் போன் செய்து "மதிப்பிழப்பும் வேண்டும்" என்று சொன்ன ஐந்தாம் நாள், கம்பெனியில் கிளெய்மைக் கவனிக்கும் அட்ஜஸ்டரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: 1,020 டாலர், ஒத்துக்கொண்டால் இணைப்பில் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். இதுதான் முதல் வழி, வருகிற செக்கை வாங்கிக்கொள்வது. செலவில்லை, அலைச்சலில்லை, ஒரு வாரத்தில் பணம் கையில். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கேட்டதும் ஆயிரம் டாலர் வருகிறதே! அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்த பிறகு சந்தோஷம் போய்விட்டது.

கம்பெனிகள் போடும் கணக்குக்கு 17சி என்று பெயர். மேப்ரி வழக்கில் வந்த கோர்ட் உத்தரவின் 17-ஆம் பத்தி, சி பிரிவு, அவ்வளவுதான் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது. காரின் சந்தை விலையில் 10 சதவீதத்தை எடு, அதற்கு மேல் எக்காரணம் கொண்டும் போகாது. அதைச் சேதத்தின் அளவால் பெருக்கு: சட்டகம் வரை பெரிய சேதம் என்றால் 1, நடுத்தரம் என்றால் 0.50, சின்னது என்றால் 0.25, பேனல் எதுவும் மாற்றவில்லை என்றால் பூஜ்யம். பிறகு மைலால் பெருக்கு: 20,000-க்குள் என்றால் 1, 40,000-க்குள் 0.8, 60,000-க்குள் 0.6, அப்படியே இறங்கி ஒரு லட்சம் மைல் தாண்டினால் பூஜ்யம். எனக்கு 34,000-ல் பத்து சதவீதம் 3,400, அதில் பாதி 1,700, அதை 0.6-ஆல் பெருக்கினால் 1,020. ஒரு டாலர் பிசகவில்லை.

இதில் இரண்டு ஓட்டைகள். 10 சதவீதம் என்ற உச்சவரம்பு எந்தச் சந்தையிலிருந்தும் வந்ததல்ல, ஒரு வழக்கின் வசதிக்காக வைத்த எண். இரண்டாவதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வரவைத்தது. 34,000 என்ற விலையே 41,000 மைல் ஓடிய காருக்கான விலை, அதாவது மைலுக்கான கழிவு அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. கடைசியில் 0.6-ஆல் பெருக்குவது அதே மைலுக்காக இன்னொரு முறை கழிப்பது. அதே இடி ஒரு மாதம் முன்னால், கார் 39,900 மைலில் இருக்கும்போது விழுந்திருந்தால் 1,360 வந்திருக்கும். ஆயிரத்து நூறு மைல் கூடியதற்கு 340 டாலர் குறைகிறது, எந்த டீலரும் இப்படி விலை போடமாட்டான். 2008-ல் ஜார்ஜியா இன்சூரன்ஸ் கமிஷனர் அலுவலகமே, இது ஒன்றுதான் சரியான கணக்கு என்று நாங்கள் அங்கீகரிக்கவில்லை என்று கம்பெனிகளுக்குத் தெரிவித்துவிட்டது. ஆனாலும் அட்ஜஸ்டர் போனில், ஏதோ சட்டத்திலேயே எழுதியிருப்பதுபோல "ஜார்ஜியா ஃபார்முலா" என்றுதான் சொன்னார்.

இவ்வளவு சொல்லிவிட்டு, அந்த முதல் செக்கை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்கிற சந்தர்ப்பமும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. என் அலுவலக நண்பர் ஒருவரின் பழைய எலான்ட்ரா, 88,000 மைல், 9,000 டாலர் பெறும். கதவில் சின்ன அடி. 17சி கணக்கில் அவருக்கு வந்தது 45 டாலர். சிரித்தோம். ஆனால் சொந்தமாக மதிப்பீட்டாளரை வைத்து உண்மையான நஷ்டத்தைப் பார்த்தாலும் அது சில நூறு டாலர் தாண்டாது, மதிப்பீட்டாளர் கட்டணமே 300, 400 டாலர். அந்த வயதுக் காரை வாங்க வருகிறவர் கதவில் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று பார்க்கமாட்டார், டைமிங் செயின் சத்தம் போடுகிறதா என்றுதான் பார்ப்பார். ஏற்கெனவே ஒரு விபத்து கார்ஃபாக்ஸில் இருக்கும் கார் என்றாலும் இதே கதைதான், இரண்டாவது இடிக்குப் பெரிதாக எதுவும் நிற்காது.

இரண்டாவது வழி, சொந்தச் செலவில் மதிப்பீட்டாளரை வைத்து, அறிக்கையோடு கோரிக்கைக் கடிதம் அனுப்புவது. நான் போனது இப்படித்தான். 350 டாலர் கட்டணம். ஆளைத் தேர்வு செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. "நீங்கள் இப்போது எதுவும் தர வேண்டாம், கிடைப்பதில் சதவீதம் தந்தால் போதும்" என்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் நஷ்டம் கூடினால் தனக்கும் கூடும் என்கிற ஆளின் எண்ணை அட்ஜஸ்டரும் நம்பமாட்டார், நீதிபதியும் நம்பமாட்டார். இன்னொரு வகை, இணையத்தில் காரின் விவரத்தைப் போட்டால் பத்து நிமிடத்தில் அறிக்கை தருவது. அதன் உள்ளே இருப்பதும் ஒரு ஃபார்முலாதான், கொஞ்சம் தாராளமான ஃபார்முலா. எனக்குக் கிடைத்தவர் பாடி ஷாப்பின் இறுதி பில்லை வரி வரியாகப் படித்தார். முதல் எஸ்டிமேட்டை அல்ல, வேலை நடுவில் கூடுதலாகச் சேர்ந்த செலவு (சப்ளிமென்ட்) எல்லாம் உள்ளடங்கிய இறுதி பில்லை. பின் பாடி பேனலை வெட்டி வெல்டிங் செய்திருக்கிறார்கள் என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். போல்ட் கழற்றி மாட்டுகிற பம்பருக்கும் வெட்டி ஒட்டுகிற பேனலுக்கும் சந்தையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதே மாதிரி காரை விபத்து இல்லாமலும் விபத்தோடும் என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று நாலு டீலர்களிடம் கேட்டு, அந்தப் பதில்களையும் உள்ளூர் விற்பனை விளம்பரங்களையும் சேர்த்து அவர் போட்ட எண் 4,300 டாலர்.

கடிதத்தை நானே எழுதினேன். கோபத்தைக் காட்டாமல், ஒரு பக்கத்துக்குள்: விபத்து நாள், கிளெய்ம் எண், இணைப்பில் மதிப்பீட்டு அறிக்கை, இறுதி பில், படங்கள், 17சி ஏன் இந்தக் காருக்குப் பொருந்தாது என்று மூன்று வரி, கேட்கும் தொகை. கடைசியில் ஒரு பத்தி முக்கியம். ஜார்ஜியா சட்டத்தில் 33-4-7 என்று ஒரு பிரிவு இருக்கிறது. தன் வாடிக்கையாளர் இடித்த காருக்கான நஷ்டத்தை ஒரு கம்பெனி கெட்ட எண்ணத்தோடு தட்டிக்கழித்தது என்று கோர்ட்டில் நிரூபணமானால், தர வேண்டிய தொகையோடு அதில் 50 சதவீதம் அல்லது 5,000 டாலர், எது அதிகமோ அதையும், வக்கீல் செலவையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதற்கு முதலில் எழுத்தில் கோரிக்கை அனுப்பி 60 நாள் அவகாசம் தர வேண்டும், அதுவும் சர்ட்டிஃபைடு மெயில் போல ரசீது வருகிற முறையில். மிரட்டல் வேண்டாம், பிரிவின் எண்ணைச் சொன்னால் போதும், படிக்கிற ஆளுக்குப் புரியும். பத்து நாளில் 1,900 என்று பதில் வந்தது. வேண்டாம் என்றேன். அப்புறம் அவர்கள் தரப்பிலிருந்து ஒரு 'சுயேச்சையான' அறிக்கை வந்தது, அதில் என் காரை அதே மாடலின் வேறு ரகம் (டிரிம்) என்று போட்டிருந்தார்கள், அதைச் சுட்டிக்காட்டினேன். நாற்பத்தேழாம் நாள் 3,100 என்றார்கள். ஒத்துக்கொண்டேன். கட்டணம் 350 போக 2,750, முதல் செக்கைவிட 1,730 கூடுதல், மொத்தத்தில் நான் செலவழித்தது ஒரு எட்டு மணி நேரம் இருக்கும்.

மீதி 1,200-ஐயும் விடாமல் மூன்றாவது வழியான கோர்ட்டுக்குப் போயிருக்கலாமா? போயிருக்கலாம். ஜார்ஜியாவில் மாஜிஸ்திரேட் கோர்ட் 15,000 டாலர் வரையுள்ள வழக்குகளை எடுக்கும், வக்கீல் தேவையில்லை, ஜூரி கிடையாது, தாக்கல் கட்டணமும் சம்மன் கட்டணமும் சேர்த்துச் சுமார் நூறு டாலர், கவுன்டிக்குக் கவுன்டி மாறும். ஆனால் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று: நீங்கள் வழக்குப் போடுவது கம்பெனி மேல் அல்ல, இடித்த ஆள் மேல், அதுவும் அவர் குடியிருக்கும் கவுன்டியில். என்னை இடித்தவர் இருபத்திரண்டு வயதுப் பையன், இறங்கி வந்து கை நடுங்க மன்னிப்புக் கேட்டவன். அவனுக்காக வாதாட வருவது கம்பெனி வைக்கும் வக்கீல்தான், பணம் தருவதும் கம்பெனிதான், எல்லாம் தெரியும், ஆனாலும் சம்மன் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டும். இது என் பலவீனம், உங்களுக்கு இருக்க வேண்டியதில்லை. வெறும் பண விஷயமாகப் பார்த்தாலும் கோர்ட்டில் அறிக்கையைக் காகிதமாக நீட்டுவதைவிட மதிப்பீட்டாளரே வந்து சொன்னால்தான் எடை, அவர் வருவதற்குத் தனியாக வாங்குவார், எனக்குச் சொன்னது 400 டாலர். தோற்கிற பக்கம் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்தால் வழக்கு மேல் கோர்ட்டில் முதலிலிருந்து தொடங்கும். 1,200-ல் 500 செலவு, ஒரு நாள் லீவு, நிச்சயமில்லாத முடிவு. கம்பெனி 1,020-லேயே நின்றிருந்தால் கண்டிப்பாகப் போயிருப்பேன், கோர்ட்டுக்குப் போகத் தயாராக இருந்ததால்தான் 3,100 வரை வந்ததென்றும் நினைக்கிறேன்.

வக்கீல் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாலாயிரம் டாலர் மதிப்பிழப்புக்காக மட்டும் நல்ல வக்கீல் யாரும் வரமாட்டார், மூன்றில் ஒரு பங்கு போனால் உங்களுக்கும் கட்டாது. காயமும் சேர்ந்த வழக்கு என்றால் அல்லது கார் போர்ஷே மாதிரி விலையில் இருந்தால் வேறு விஷயம். சொந்த பாலிசியில் கேட்டு, தொகையில் மட்டும் தகராறு என்றால் பாலிசியில் 'அப்ரைசல்' பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இரு பக்கமும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளர், ஒத்துவராவிட்டால் நடுவர், நடுவர் செலவில் பாதி உங்களுடையது.

"முதலில் காரை விற்றுவிடு, எவ்வளவு குறைந்ததோ அதைக் கேள்" என்று ஒரு உறவினர் யோசனை சொன்னார். நஷ்டம் இடித்த அன்றே நடந்துவிட்டது, அதைக் கேட்க விற்க வேண்டிய அவசியமே இல்லை. அவசரமாக விற்றால் விலை குறைந்தது விபத்தாலா அவசரத்தாலா என்று அட்ஜஸ்டர் கேட்பார். எப்படியும் விற்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் டீலரிடம் விபத்துக்காக எவ்வளவு குறைத்தார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல சாட்சி இல்லை. லீஸ் கார் என்றால் கார் உங்களுடையதே இல்லை, மதிப்பிழப்பைக் கேட்கும் உரிமை யாருக்கு என்று லீஸ் கம்பெனியிடம் கேட்டுவிட்டு மதிப்பீட்டாளருக்குப் பணம் கட்டுங்கள். ரிப்பேரே சரியில்லை, கதவு சரியாக மூடவில்லை, பெயின்ட் நிறம் மாறியிருக்கிறது என்றால் அது மதிப்பிழப்புக் கிளெய்ம் அல்ல, முதலில் பாடி ஷாப்புக்கே திருப்பி அனுப்ப வேண்டிய விஷயம்.

எந்த வழியில் போனாலும், கையெழுத்து விஷயத்தில் கவனம். ரிப்பேர் பணம் தரும்போதே சில கம்பெனிகள், இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதித் தரும் ரிலீஸ் படிவத்தை நீட்டும், அதில் 'சொத்து நஷ்டம் அனைத்துக்கும் முழு, இறுதித் தீர்வு' என்று இருந்தால் மதிப்பிழப்பும் அதோடு போயிற்று. செக்கின் மேல் அப்படி எழுதியிருந்தாலும் வங்கியில் போடும் முன் கேளுங்கள். எனக்கு ரிப்பேர் பணம் நேராகப் பாடி ஷாப்புக்குப் போனதால் தப்பித்தேன், புத்திசாலித்தனத்தால் இல்லை.

என் பரிந்துரை என்ன என்று கேட்டால், கார் ஐந்து வயதுக்குள், 60,000 மைலுக்குள், முன்பு விபத்து இல்லாதது, வெட்டி ஒட்டிய வேலை நடந்திருக்கிறது, தப்பு முழுக்க மற்றவருடையது, இந்த ஐந்தில் நாலு இருந்தால் மதிப்பீட்டாளருக்குப் பணம் கட்டுங்கள். இரண்டுதான் இருக்கிறது என்றால் 17சி செக்கை ஒரு மின்னஞ்சலில் கொஞ்சம் பேரம் பேசிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தப்பில் உங்களுக்கும் பங்கு இருந்தால் இடித்தவரிடம் கிடைப்பது அந்தப் பங்கு அளவுக்குக் குறையும், 50 சதவீதத்தைத் தொட்டால் ஜார்ஜியாவில் அவரிடமிருந்து ஒன்றும் வராது, சொந்த பாலிசிதான் கதி.

அவசரம் இல்லை, ஜார்ஜியாவில் இதற்கு வழக்குப் போட விபத்து நாளிலிருந்து நாலு வருடம் இருக்கிறது. டெக்சாஸில் இரண்டே வருடம். இதையெல்லாம் நான் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது அங்கே ஹூஸ்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் மூச்சு விடாமல் கேட்டார், அவர் காரை இடித்து வருகிற மாதம் இரண்டு வருடம் ஆகிறது. பாடி ஷாப் பில்லை எங்கே வைத்தோம் என்று இப்போது வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்.